இன்னும் மூன்று படம்

என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்துகொண்டிருந்தபோது நான் அவரைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் செய்வது விளையாட்டு இல்லை என்று எனக்கு விளங்கிய பிறகும் மூன்று படம் பிடித்தேன்.

சொல்லிவிட்டேன்! இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம்...

இப்போது நீங்கள் எழுந்து போகலாம். போகவில்லையா? சரி, உட்காருங்கள். நான் நாலு பேரைச் சிரிக்க வைத்தே பிழைப்பை ஓட்டியவன். இதிலும் நடுநடுவே சிரிப்பு வரும். வந்தால் தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் சிரித்துவிட்டோமே என்பதற்காக என்னைத் தப்பவிடாதீர்கள். என்னைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் என்னைத் தப்பவிட்டார்கள்.

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. உள்ளே வரும் பெட்டியின் எண்ணை எழுதுவேன். வெளியே போகும் பெட்டியின் எண்ணையும் எழுதுவேன். இதற்கு நடுவில் மூளைக்கு வேலையே கிடையாது. அதனால் கேட் பாஸின் பின்பக்கத்தில் சூப்பர்வைசரின் மூக்கை வரைவேன். ஒருநாள் அவரே பார்த்துவிட்டார். "ஏம்ப்பா பீட்டரு, என் மூக்கு இவ்ளோ பெருசாவா கீது?" என்றார். "பேப்பரு சின்னது சார். அதான் கொஞ்சம் கம்மியா போட்டேன்" என்றேன். யார்டே சிரித்தது. அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் என் வேலை தப்பியது.

பாருங்கள், எனக்கு இது அப்போதே பழகிவிட்டது... மாட்டிக்கொண்டால் ஒரு நகைச்சுவை, உடனே விடுதலை!

இரண்டாயிரத்துக்குப் பிறகு ராயபுரத்தில் தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் வந்துவிட்டது. நானும் யாரோ கழித்துக்கட்டிய ஒன்றை வாங்கி வந்து வீட்டில் வைத்தேன். முதலில் மவுஸைப் பிடித்து வரைந்தேன். சோப்புக் கட்டியைப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுப் பாருங்கள், அப்படித்தான் இருக்கும். பிறகு ரிச்சி தெருவில் தேடிப் பிடித்து ஒரு டேப்லெட் வாங்கினேன். மேஜைமேல் கறுப்பாக ஒரு பலகை இருக்கும், கையில் மை இல்லாத பேனா. இங்கே கோடு போட்டால் எதிரே திரையில் விழும். கை ஓர் இடம், கண் ஓர் இடம். முதல் மாதம் நான் போட்ட நேர்க்கோடெல்லாம் எண்ணூர்ப் பக்கம் போயிற்று. நான் போட்ட வட்டம் மிதிபட்ட முட்டை மாதிரி இருந்தது.

அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். "எழுதறது இங்க, பாக்கறது அங்க. இத்த பரீட்சையில பண்ணா வெளிய தள்ளிடுவாங்கோடா" என்றாள்.

அங்கிருந்து தாவியதுதான் ஸ்டாப் மோஷன். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்துக் கற்றுக்கொண்டேன். பொம்மையை இம்மி நகர்த்த வேண்டும், ஒரு படம் எடுக்க வேண்டும். மறுபடி இம்மி, மறுபடி படம். எல்லாவற்றையும் கோத்து ஓடவிட்டால் பொம்மை தானாக நடக்கும். கேமரா பர்மா பஜாரில் கிடைத்தது. பொம்மை? சப்பாத்திக்குப் பிசைந்த மாவில் ஒரு கதாநாயகன் செய்தேன். மறுநாள் யார்டிலிருந்து வந்து பார்த்தால் அவனை எறும்பு தின்றுகொண்டிருந்தது. களிமண்ணில் அடுத்தவனைச் செய்தேன். அவன் மாடி வெயிலில் காய்ந்து, இடுப்போடு பிளந்து, இரண்டாம் காட்சிக்கே வரவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பொம்மை எதற்கு? ஆளையே பொம்மையாக்கினால்? மனிதனை உட்கார வைத்து, கொஞ்சம் நகரச் சொல்லி ஒரு படம், இன்னும் கொஞ்சம் நகரச் சொல்லி ஒரு படம்...

ஆடாமல் அசையாமல் இருக்க என் அப்பாவை, எங்கள் நைனாவை விட்டால் ஊரில் ஆள் கிடையாது.

நைனா துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆனால் எங்கள் பக்கத்தில் அவருடைய பெயர் லாசரு. தவக்காலத்தில் கோயில் மைதானத்தில் இயேசுவின் பாடுகளை நாடகமாகப் போடுவார்கள், பாஸ்கு நாடகம் என்று. அதில் செத்துப்போன லாசரு வேஷம் வருடாவருடம் நைனாவுக்குத்தான். வெள்ளைத் துணி சுற்றிக் கல்லறையில் கிடத்துவார்கள். மூச்சு விடுகிறாரா என்றே தெரியாது. கொசு மூக்கில் உட்கார்ந்தாலும் அசைய மாட்டார். ஆனால் ஆண்டவர் வந்து எழுப்புவதற்குக் கொஞ்சம் முன்னால், முன்வரிசைப் பிள்ளைகளுக்கு மட்டும் தெரிகிற மாதிரி வாயை ஒரு பக்கம் கோணிக் காட்டுவார். பிள்ளைகள் கத்திச் சிரிக்கும். சாமியார் வருடாவருடம் திட்டுவார். வருடாவருடம் நைனா கோணுவார்.

வீட்டிலும் அப்படித்தான். அம்மா குழம்பில் உப்புக் கூடப் போட்டால், ஒரு வாய் தின்றுவிட்டு அப்படியே சுவரோடு சாய்ந்து கண்ணைச் செருகி நாக்கைத் தள்ளிவிடுவார். "எழுந்திரு லாசரு!" என்று அம்மா கரண்டியால் தட்டினால்தான் உயிர் வரும். சாவது போல நடிப்பது எங்கள் வீட்டில் பல்லாங்குழி மாதிரி ஒரு விளையாட்டு.

இதைச் சாக்காகச் சொல்கிறேனா? கொஞ்சம் அப்படித்தான்... நான் ஏமாந்ததற்கு இது காரணம். அந்த மூன்று படத்துக்கு இது காரணம் ஆகாது.

படத்தின் கதை இதுதான். ஒரு பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். எதிரே ஒரு டீ கிளாஸ். எடுக்கக் கை நீட்டினால் கிளாஸ் தானாகத் தள்ளிப் போகிறது. பெரியவர் எழுந்திருக்கவில்லை, நாற்காலியோடு துரத்துகிறார். மாடி முழுக்கத் துரத்தியும் கிளாஸ் கிடைக்காமல், கடைசியில் அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்கிப்போகிறது. அவ்வளவுதான்.

"இன்னா சம்பளம் குடுப்பே?" என்றார் நைனா.

"ஒரு டீ."

"போர்ட்டுல சும்மா குந்திகினு இருந்ததுக்கே மாசாமாசம் சம்பளம் குட்த்தாங்கோடா! பட்டர் பிஸ்கட்டு ரெண்டு சேத்துக்கோ."

அன்று செவ்வாய்க்கிழமை. அம்மா அந்தோணியார் நவநாளுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். செவ்வாய் மாலை அந்த ஜெபத்தை அவள் தவறவிட்டு நான் பார்த்ததில்லை. படியிறங்கும்போது மாடியைப் பார்த்துக் கத்தினாள்: "டேய், வெயிலு தாழட்டும்டா! வயசான மனுசன் அது!"

"நீ போய்ட்டு வா. நான் ஈரோவா நடிச்சிகினு கீறேன்" என்று நைனா மேலிருந்து கத்தினார். அம்மா சிரித்துக்கொண்டே போனாள்.

அவருடைய பேச்சை அவள் கேட்டது அதுதான் கடைசி.

ஆட்டுக்கல்லின் மேல் கேமராவைக் களிமண் வைத்து அசையாமல் ஒட்டியிருந்தேன். ஒவ்வொரு படத்துக்கும் நைனா நாற்காலியை ஒரு சாண் உந்துவார். நான் கிளாஸை ஒரு சாண் தள்ளிவிட்டு ஓடி வந்து அமுக்குவேன். துறைமுகத்து நிலக்கரித் தூசு மாடியில் எப்போதும் படிந்திருக்கும். படத்தில் நாற்காலித் தடம் தெரியுமே என்று அடிக்கடி துடைப்பத்தோடும் ஓடினேன். இயக்குநர், ஒளிப்பதிவாளர், துப்புரவாளர் மூன்றும் நான்தான்! நைனாவுக்குச் சிரிப்புத் தாளவில்லை. "சிரிக்காத நைனா, ஆடுது" என்று நான் அதட்ட அதட்ட இன்னும் சிரித்தார்.

கடைசிக் காட்சி வந்தது. சூரியன் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இறங்கப் பார்த்தது. வெளிச்சம் மாறினால் படம் பளிச் பளிச்சென்று அடிக்கும், அதுவரை எடுத்ததும் வீண். நான் கேமராவை அவர் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனேன்.

"நைனா, இப்ப மூஞ்சி கொஞ்சங்கொஞ்சமா தொங்கணும். ஒவ்வொரு படத்துக்கும் கொஞ்சம். அவசரப்படாத."

முகம் தொங்க ஆரம்பித்தது.

முதலில் வலது உதட்டோரம். அடடா, எவ்வளவு நுணுக்கமாகச் செய்கிறார் என்று நினைத்தேன்! அடுத்து வலது கன்னம். "சூப்பரு நைனா! ஒரு பக்கமா வுடறே பாரு, அங்க நிக்கிறே!" என்றேன். அமுக்கினேன். வலது கை நாற்காலிக் கைப்பிடியிலிருந்து வழுக்கி விழுந்தது. "கைய மேல வை, நைனா. கன்டினியூட்டி போய்டும்" என்றேன். இடது கையால் வலது கையைத் தூக்கி வைக்கப் பார்த்தார்... என் அப்பா! மகன் படம் கெடக்கூடாதென்று, செத்துக்கொண்டிருந்த கையை இன்னொரு கையால் தூக்கி வைக்கப் பார்த்தார்.

அது திரும்பவும் விழுந்தது.

"பீ..." என்றார். "பீ... த்..." என் பெயர் அதற்குமேல் வரவில்லை.

நான் சிரித்தேன். ஐயோ, நான் சிரித்தேன்!

பிறகு அவர் கண்ணைப் பார்த்தேன். வாய் எத்தனை கோணினாலும் லாசருவின் கண்ணில் ஒரு சிரிப்பு இருக்கும், எனக்கு அது சின்ன வயதிலிருந்து தெரியும். அந்தக் கண்ணில் அது இல்லை. அதில் பயம் இருந்தது.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். எனக்குத் தெரிந்துவிட்டது. 'தெரியாமல் செய்துவிட்டான், பாவம்' என்று நீங்கள் எனக்காக எழுதிக்கொண்டிருக்கும் வரியை அழித்துவிடுங்கள். ஓடு என்று உடம்பு சொன்னது. விரல் மட்டும்... வெளிச்சம் போகப்போகிறது, முகம் இன்னும் கொஞ்சம் இறங்கினால் காட்சி முடிந்துவிடும், இப்படி ஒரு முகம் இனி எனக்குக் கிடைக்காது...

"இன்னும் மூணு படம், நைனா" என்றேன்.

எடுத்தேன்.

அந்த மூன்றிலும் அவர் கேமராவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். கத்தினேன், ஆள் கூட்டினேன், தோளில் சுமந்து இறக்கினேன், ஆட்டோவில் மடியில் கிடத்திக்கொண்டு போனேன். பார்த்தவர்கள் எல்லாம் 'புள்ளைன்னா இவன்தான்' என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டரம்மா கேட்டார். "எப்ப ஆரம்பிச்சது? யாராவது கூட இருந்தீங்களா?"

"இல்ல மேடம். ஷூட்டிங் முடிஞ்சி நான் டீ போடக் கீழ போய்ட்டேன். வந்து பாத்தா இப்படி..."

எவ்வளவு சரளமாக வந்தது, பாருங்கள்! யோசிக்கக்கூட இல்லை. டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார். "எவ்வளவு நேரம் ஆச்சுன்னே தெரியலையே" என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டே போனார்.

உண்மையைச் சொல்லியிருந்தால் நைனாவுக்கு இன்னும் ஏதாவது செய்திருப்பார்களா? தெரியாது. யாரிடமும் கேட்டதில்லை. 'ஆமாம், செய்திருக்கலாம்' என்று சொல்லிவிட்டால்?

அம்மா நவநாள் முடிந்து, தலையில் முக்காடும் கையில் ஜெபமாலையுமாக அப்படியே ஓடி வந்தாள். நான் சொன்ன கதையை யாரோ அவளிடம் சொன்னார்கள். அவள் வராந்தாத் தரையில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"நான் வூட்ல இருந்திருந்தா பாத்திருப்பனே! மனுசன் தனியா துடிச்சிகினு கெடந்திருக்காரே! போவாத போவாதன்னு மனசு சொல்லிச்சே, கேக்காம போனனே!"

தனியாக இல்லையம்மா. நான் இருந்தேன். கையெட்டும் தூரத்தில் இருந்தேன்.

இதை அப்போதே சொல்லியிருக்கலாம். நான் அவள் தோளைப் பிடித்து, "அழாதம்மா" என்றேன். அவ்வளவுதான் என் வீரம்.

அடுத்த செவ்வாயிலிருந்து அம்மா நவநாளுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அந்தோணியார் மேல் கோபமில்லை, தன்மேல்தான். "வூட்ல புருசன வுட்டுட்டு அங்க போய் இன்னா வேண்டிகினு நின்னேன்" என்பாள்.

நைனா பிழைத்தார். வலது பக்கம் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. ஆனால் நாம் பேசுவதெல்லாம் அவருக்கு விளங்கும் என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டு எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். என்னைத் தவிர.

கட்டிலை என் கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே போட்டோம். ஒரு ஞாயிறு மதியம் நைனா இடது கையை நீட்டித் திரையைக் காட்டினார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டார். மறுபடியும் திரை... தன் படத்தைக் கேட்கிறார்!

நான் கோத்து வைத்திருந்தேன். ஆமாம், கோத்து வைத்திருந்தேன். கடைசிக் காட்சியோடு சேர்த்து. ஓட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, முகம் தொங்கும் அந்தக் காட்சி முழுவதும் திரையில் இரண்டு நொடி. அவருடைய மிச்ச வாழ்நாளைத் தின்ற அந்த நேரம் முழுவதும் ஒரு கொட்டாவிக்குக்கூடப் போதவில்லை.

அவருக்குப் போட்டுக் காட்டினேன். கிளாஸ் ஓடியது, நாற்காலி துரத்தியது. நைனாவின் இடது பக்கம் சிரித்தது, தோள் குலுங்கியது. முகம் தொங்குவதற்கு முன்னால் நான் நிறுத்திவிட்டேன்.

அவர் விரலை ஆட்டினார். மேலே ஓட்டு என்று.

"அவ்ளோதான் நைனா. முடிஞ்சிடுச்சி."

அவர் என்னையே பார்த்தார். அவர்தானே நடித்தார், படம் அங்கே முடியவில்லை என்று அவருக்குத் தெரியாதா? மறுபடி விரலை ஆட்டவில்லை. கையை மெல்லத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டார்.

அது மன்னிப்பா, வெறுப்பா? ஒரு முகத்தில் பாதி மட்டும் வேலை செய்யும்போது அதை எப்படிப் படிப்பது? முகம் வரைபவன் என்று பெயர் வாங்கினவன் நான்...

நான் செய்ததில் மிகக் கேவலமானது இனிமேல்தான் வருகிறது. அந்த மூன்று படத்தைவிடக் கேவலம். அதையாவது ஒரு வெறியில் செய்தேன் எனலாம். இதை நிதானமாகச் செய்தேன்.

ஒரு செவ்வாய் மாலை. அம்மா நைனாவின் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். கோயில் மணி அடித்தது. உடனே அவளுக்கு அது பொங்கிவிட்டது. "நான்தான்யா ஒன்ன இப்படிப் பண்ணிட்டேன். அன்னிக்கு நான் போவாம இருந்திருந்தா..."

நைனா தலையை ஆட்டினார். இல்லை, இல்லை என்று. அவள் நிறுத்தவில்லை. அவர் இடது கையால் கட்டில் சட்டத்தை அடித்தார். தொண்டையிலிருந்து என்னவோ வந்தது, "ஆ... ஆ..." என்று. பிறகு விரலை நீட்டி என்னைக் காட்டினார். அவளைக் காட்டி, தலையை ஆட்டி, மறுபடியும் என்னைக் காட்டினார்.

அதைவிடத் தெளிவாக யாரும் பேச முடியாது. நீயில்லை, இவன்.

அவர் என்னைக் காட்டிக்கொடுக்க நினைக்கவில்லை. இன்றைக்கும் அதைச் சத்தியமாக நம்புகிறேன். அவளை விடுவிக்கத்தான் பார்த்தார். அதற்கு அவரிடம் இருந்தது ஒரு விரல்தான்.

அம்மா பதறிப்போய் என்னிடம் திரும்பினாள். "இன்னாடா சொல்றாரு? ஒனக்குத்தான் அவரு பேசறது தெரியுமே!"

உண்மைதான். அவருடைய சைகைக்கெல்லாம் வீட்டில் நான்தான் மொழிபெயர்ப்பாளன். கிண்டலும் சேர்த்து மொழிபெயர்ப்பேன், இருவரும் சிரிப்பார்கள்.

"தண்ணி கேக்குறாரும்மா. என்னிய எடுத்தாரச் சொல்றாரு" என்றேன்.

கொண்டுவந்தேன். தலையைத் தூக்கிப் பிடித்து டம்ளரை வாயில் வைத்தேன். நைனா என்னைப் பார்த்தார். தாகமே இல்லாத மனுஷன்... மடக் மடக்கென்று முழுவதையும் குடித்தார். "பாவம், எவ்ளோ தாகம் பாரு" என்றாள் அம்மா.

அதன் பிறகு நைனா ஒருமுறைகூட எதற்கும் விரல் நீட்டவில்லை.

சில வருடம் அப்படியே கிடந்து, ஒரு மழைநாளில் போனார். அடக்கத்தில் நான் அழுத அழுகையைப் பார்த்து அழாதவர்கள் இல்லை. தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். "பொய் சொன்னேன் சாமி" என்றேன். "என்ன பொய்?" என்றார். "ஆபீஸ்ல லீவுக்காக" என்றேன். அவர் கொடுத்த ஜெபத்தைச் சொல்லிவிட்டு வந்தேன். அங்கேயும் மூக்கைச் சின்னதாகத்தான் வரைந்தேன்.

வருட நினைவுப் பூசைக்கு நைனாவின் படம் ஒன்று பெரிதாகப் போட வேண்டும் என்றாள் அம்மா. "அன்னிக்கு எடுத்தியே, நெறைய இருக்கும்ல? அதுல நல்லதா ஒண்ணு. நோவு வர்றதுக்கு முன்ன எடுத்தது."

என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் வேகமாகத் தள்ளிக்கொண்டே போனேன்.

"நிறுத்து. முன்னால ஒண்ணு வந்துச்சே, அது."

திரும்பிப் போனேன். கிட்டே எடுத்த முகம். வலது உதட்டோரம் ஒரு நூல் இறங்கியிருந்தது. அது ஆரம்பித்த படம்.

"பாருடா, ஒரு ஓரமா கோணிச் சிரிக்கிறாரு... லாசரு சிரிப்பு" என்றாள். விரலால் திரையில் அந்த உதட்டைத் தொட்டாள். "நல்லா இருந்த மனுசன். இதே போடு."

வேறு படம் போடலாம் என்று நான் சொல்லியிருக்கலாம். "செரிம்மா" என்றேன்.

இப்போது அது கூடத்தில் மாலையோடு இருக்கிறது. செவ்வாய் மாலைகளில் அம்மா அதன் முன்னால் மெழுகுவத்தி கொளுத்தி நிற்கிறாள். ஜெபம் எதுவும் இல்லை. "மன்னிச்சிக்கய்யா. நான் வூட்ல இல்லாம போய்ட்டேன்" என்பது மட்டும்தான். நான் உள்ளே டேப்லெட்டின்மேல் பேனாவை வைத்துக்கொண்டு அசையாமல் இருப்பேன்.

நேற்றும் செவ்வாய். மன்னிப்புக் கேட்டு முடித்துவிட்டு உள்ளே வந்தாள். "இன்னாடா, ஒண்ணுமே வரையாம குந்தினு கீறே?" என்றாள்.

ஏதோ ஒரு நகைச்சுவை சொன்னேன். சிரித்துவிட்டு அடுக்களைக்குப் போனாள்.